4300 கெல்வின் என்று சொல்லி 6500 மாட்டிவிட்டார்கள், 6,800 ரூபாய் போச்சு

காருக்கு எல்இடி ஹெட்லைட் மாற்றலாம் என்று இருப்பவர்கள், முக்கியமாக மலைப்பாதையில் இருட்டில் ஓட்டுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கோவையில் ஒரு கார் ஆக்ஸசரீஸ் கடையில் 6,800 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். புகார் கொடுக்கப் போவதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் வண்டி பழைய வேகன் ஆர். எச்4 ஹாலோஜன் பல்ப், அதாவது ஹை பீமுக்கும் டிம்முக்கும் ஒரே பல்பில் தனித்தனி இழை; 60/55 வாட், ஹை பீம் 60, டிம் 55. மாமனார் வீடு வால்பாறையில். ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அட்டகட்டி தாண்டி கவர்க்கல் பக்கம் பனி இறங்கிவிட்டால் ரோட்டோரத் தடுப்புச்சுவர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் லைட் மாற்றப் போனேன், ஸ்டைலுக்காக அல்ல. கடைக்காரரிடம் இதை முதல் வார்த்தையாகவே சொன்னேன்: "பனிக்கும் மழைக்கும் சரியா இருக்கணும். 4300 கெல்வினுக்கு மேல வேண்டாம்."

கெல்வின் என்பது வெளிச்சத்தின் அளவு இல்லை, நிறம். ஹாலோஜன் 3200 வாக்கில் இருக்கும், மஞ்சள். 4300 என்றால் லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை. கம்பெனியிலேயே ஜெனான் லைட்டோடு வந்த கார்களில் பெரும்பாலும் இதுதான் இருந்தது. 6000, 6500 போனால் டியூப்லைட் வெள்ளை. 8000 நீலம் கலந்த வெள்ளை, பார்க்க அழகு, ரோட்டில் உதவாது. "கெல்வின் ஏற ஏற வெளிச்சம் ஏறும்" என்று எந்தக் கடையில் சொன்னாலும் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். இந்தக் கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் நம்பிக்கை வந்தது. "கரெக்டா கேக்கறீங்ணா. எல்லாரும் வெள்ளையா பளபளன்னு வேணும்னு கேப்பாங்க. மலைக்குப் போறவங்களுக்கு நான் 4300தான் போட்டு விடுவேன்" என்றார். எனக்குத் தெரிந்ததையே அவர் வாயால் கேட்டதும் மனசு இளகிவிட்டது.

பெட்டியை எடுத்துக் காட்டினார். பளபளப்பான கறுப்பு அட்டை, மூலையில் வெள்ளை ஸ்டிக்கர், அதில் 4300கே. கீழே 20,000 லூமன் என்று போட்டிருந்தது (வெளிச்சத்தின் அளவு லூமன்தான்). அப்புறம் ஷட்டரைப் பாதி இறக்கி, ஒரு பக்கம் என் பழைய பல்பையும் ஒரு பக்கம் புதியதையும் எரியவிட்டு, எதிர்ச்சுவரில் காட்டினார். பக்கத்திலேயே மஞ்சள் ஹாலோஜன் எரியும்போது எந்த வெள்ளையும் பிரமாதமாகத்தான் தெரியும். அது நாலாயிரத்துச் சொச்சமா ஆறாயிரத்துச் சொச்சமா என்று எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. அந்தச் சுவர் வித்தை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பல்ப் ஜோடி 6,000, மாட்டுக்கூலி 800. மொத்தம் 6,800 ரூபாய், ஜிபேயில் போட்டேன். பில் கேட்டேன். "கம்ப்யூட்டர் டவுனுங்ணா, வாட்ஸப்ல அனுப்பிடறேன்" என்றார். ஒரு வருஷ வாரண்டி கார்டு கொடுத்தார், சீல் இல்லை. பழைய பல்பைக் கேட்டதற்குப் பையன் குப்பையில் போட்டுவிட்டான் என்றார்கள். கம்பெனி பல்ப், நன்றாக எரிந்துகொண்டிருந்தது!

அந்த வாரக் கடைசியில் மலை ஏறினோம். பின்சீட்டில் மனைவியும் பையனும். கவர்க்கல் வந்ததும் பனி. லைட் அடித்தால் முன்னால் வெள்ளைத் திரை கட்டியதுபோல ஒரே வெளிச்சம், ரோடு இல்லை. டிம்மில் போட்டும் அதே கதி. பனித்துளி எல்லா நிற வெளிச்சத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால் நீலம் கலந்த வெளிச்சம் கண்ணை அதிகம் கூசச் செய்யும், நமக்கும் எதிரில் வருகிறவருக்கும். இறங்கி வந்த பஸ் டிரைவர் நிறுத்தி, "டிம் பண்ணுய்யா!" என்று கத்தினார். டிம்மில்தான் இருந்தது. எச்4 ஹாலோஜனில் டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும், வெளிச்சம் மேலே ஏறாமல் அதுதான் தடுக்கும். நம் வண்டியின் ரிஃப்ளெக்டர், அதாவது பல்பின் வெளிச்சத்தை ரோட்டுக்குத் திருப்பும் பளபளப்பான கிண்ணம், அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்துச் செய்தது. எல்இடி சில்லு அதே இடத்தில் அதே அளவில் உட்காராவிட்டால் வெளிச்சம் எதிராளியின் முகத்துக்குத்தான் போகும். பார்க்கிங் லைட்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னலை இறக்கி மனைவி ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் வால்பாறையில் ஒரு எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்து பார்த்தார். பல்பின் பின்னால் இருக்கும் ஃபேன் உள்ளே நுழைவதற்காக ஹெட்லைட்டின் பின்பக்கத்தை மூடும் ரப்பர் டஸ்ட் கவரை பிளேடால் அறுத்திருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஓட்டை வழியாக ஈரம் போய், லைட் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நீர்முத்து. டிக்கியில் கிடந்த பெட்டியை வாங்கிப் பார்த்தவர், அந்த வெள்ளை ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கீறினார். உரிந்து வந்தது. அடியில் அட்டையிலேயே அச்சடித்திருந்தது 6500கே. ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள். பனிக்கு வேண்டும் என்று கேட்டவனுக்கு, குடும்பத்தோடு மலை ஏறுகிறவனுக்கு!

20,000 லூமன் கதையும் அப்போதுதான் உறைத்தது. ஒரு சாதாரண எச்4 ஹாலோஜனின் ஹை பீம் சுமார் 1,650 லூமன், டிம் சுமார் 1,000. அந்த அட்டையில் எந்த எண்ணை நம்புவது?

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கொதிக்கிறது. போன் செய்தால் "ஓனர் வெளிய போயிருக்காருங்க." உரித்த ஸ்டிக்கரைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் அதே மனிதர், "கண்ணு பழகணுங்ணா, ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க" என்கிறார். ஸ்டிக்கரைக் காட்டினால் "அது டிஸ்ட்ரிபியூட்டர் ஒட்டினது, நாங்க என்ன பண்றது." வாரண்டி கார்டை நீட்டினால் "எரியலைன்னாதான் வாரண்டி, கலருக்கு கிடையாது." பணத்தைக் கேட்டால் "எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் இல்லீங்க." அறுத்த டஸ்ட் கவருக்குப் பதில், "எல்லா வண்டிக்கும் அப்படித்தான் போடுவோம்." பில் இன்றுவரை வரவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொருவருக்கு ஷட்டரை இறக்கிச் சுவரில் லைட் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் சொன்னேன். "வியாபாரத்தைக் கெடுக்காதீங்க" என்று என்னை வெளியே அனுப்பினார்கள். போனது என் 6,800 ரூபாய், அவர்கள் வியாபாரத்தை நான் கெடுத்ததாகப் பேச்சு.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு நிதானம் இல்லை. சுருக்கமாக இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஸ்டிக்கர் இருந்தால் கடையிலேயே உரித்துப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் கையில் வராமல் பணம் போடாதீர்கள், பில்லில் கெல்வினையும் எழுதச் சொல்லுங்கள். சுவரில் காட்டுவதை நம்பாதீர்கள், இருட்டில் ரோட்டில் காட்டச் சொல்லுங்கள். டஸ்ட் கவரை அறுக்க விடாதீர்கள். பழைய பல்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிஃப்ளெக்டர் லைட் உள்ள வண்டிக்கு நல்ல கம்பெனியின் 60/55 வாட் ஹாலோஜனே போதும், பனிக்கு, வண்டியின் முன்னால் கீழே பொருத்தும் 3000 கெல்வின் மஞ்சள் ஃபாக் லேம்ப். அதிக வெளிச்சம் என்று 100/90 வாட் போட்டால் ஹோல்டர் உருகலாம், அதுவும் வேண்டாம்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. நான் இப்போது அதற்குத்தான் போன் போடப் போகிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. கோவையில் இதே போல ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், எனக்கும் எழுதுங்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.