ஊருக்குப் போகும்போது நாய்: காப்பகமா, வீட்டுக்கு வரும் ஆளா?

விடுமுறைக்கு டிக்கெட் எடுத்த கையோடு இதையும் முடிவு செய்துவிடுவது நல்லது.

செலவு
காப்பகம்: நாய்க்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள்.
வீட்டில் ஆள்: இரவும் தங்கினால் செலவு கூடும். ஆனால் இரண்டு மூன்று நாய்கள் இருந்தால் இதுவே கட்டுப்படியாகலாம்.

உடல்நலம்
காப்பகம்: கவலை இங்கேதான். பல நாய்கள் கூடும் இடத்தில் கென்னல் இருமல் எளிதில் பரவும். தொற்றிய 2 முதல் 14 நாட்களில்தான் இருமல் தெரியும் என்பதால், வீடு திரும்பிய பிறகும் தொடங்கலாம். ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ தடுப்பூசிகளோடு இதற்கானதையும் சில வாரங்கள் முன்பே போட்டுவிடுங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்காமலே நாயைச் சேர்த்துக்கொள்ளும் காப்பகம் வேண்டவே வேண்டாம்.
வீட்டில் ஆள்: தொற்று பயம் குறைவு.

மனநிலை
காப்பகம்: மற்ற நாய்களோடு பழகும் இளம் நாய்க்குப் பிடித்துப்போகும். பயந்த சுபாவம் என்றால் சாப்பாட்டையே ஒதுக்கிவிடும்.
வீட்டில் ஆள்: அதே மூலை, அதே நேரம், அதே நடை.

நம்பிக்கை
காப்பகம்: ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் இருப்பார். இரவில் ஆள் உண்டா என்று மட்டும் கேளுங்கள்.
வீட்டில் ஆள்: எல்லாம் அந்த ஒருவரை நம்பித்தான்.

வயதான நாய், மருந்து சாப்பிடும் நாய், கூட்டத்தைக் கண்டு மிரளும் நாய் என்றால் வீடுதான் சரி. துறுதுறுப்பான நாய்க்கும், நம்பி வீட்டுச் சாவி கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கும் காப்பகம். முதலில் ஓர் இரவு மட்டும் விட்டுப் பாருங்கள். அப்புறம், வழக்கமான உணவையே கொடுத்தனுப்புங்கள். திடீரென்று மாற்றினால் வயிறு கெடும்.