பினாங்கில் பள்ளி விடுமுறை: பேரங்காடியா, தெலுக் பஹாங்கா, தண்ணீர்மலையா?

மலேசியாவின் பினாங்கில் வெயிலுக்கென்று தனிப் பருவம் கிடையாது. ஆனாலும் பள்ளி விடுமுறை விட்டதும், நாலு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் காலையில் எழுந்ததும் ஒரே பேச்சுதான்: இன்றைக்கு எங்கே? என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். போய்வந்த பிறகு, மத்தியானம் வீட்டில் பிள்ளை தானாக எதையாவது வைத்து விளையாடுகிறதா, இல்லை கைபேசி கேட்டு அழுகிறதா? இப்படிப் பார்த்தால் காசு அதிகம் பிடுங்கும் இடங்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன.

பேரங்காடியை எடுத்துக்கொள்வோம். குளுகுளுவென்று இருக்கும், மழைக்குப் பயமில்லை, தாத்தா பாட்டி உட்கார இடம் உண்டு. கர்னி பிளாசா, குவீன்ஸ்பே எதுவானாலும் அரை நாள் ஓடிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் விளையாட்டுக் கூடங்களில் பெரும்பாலும் மணிக்கணக்கில் கட்டணம். காலுறை மறந்தால் அதற்குத் தனியாக வெள்ளி (ரிங்கிட்) கொடுக்க வேண்டும். வெளியே வந்தால் எதிரே பொம்மைக் கடை. அழுகை அங்கேயே தொடங்கிவிடும். மழை கொட்டும் நாளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

காசு கட்டிப் போவதென்றால் தெலுக் பஹாங்தான். எஸ்கேப் என்ற விளையாட்டுப் பூங்கா, என்தோபியா என்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இரண்டும் அந்தப் பக்கம்தான். எஸ்கேப்பில் இருக்கும் 1,111 மீட்டர் நீர்ச்சறுக்கு 2019-இல் கின்னஸில் ஏறியது. பத்து வயது அண்ணனுக்குக் கொண்டாட்டம். ஐந்து வயதுத் தங்கைக்கு? பல விளையாட்டுகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. அவள் அம்மாவோடு துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு என்தோபியாவே மேல். 1986-இல் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கி, 2016-இல் புதுப் பெயரும் புதுக் கட்டடமுமாக மாறிய இடம். வண்ணத்துப்பூச்சி சட்டையில் வந்து உட்கார்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் பிள்ளையைப் பார்க்கவே டிக்கெட் வாங்கலாம்.

அதைவிட முக்கியம், இந்த ஆர்வத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியும். நம் வீட்டில் தொட்டிக் கறிவேப்பிலை இருக்குமே, அதன் கொழுந்தைப் புரட்டிப் பாருங்கள். பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் துடைத்துப் போட்டுவிடாதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். வளர வளரப் பச்சையாகும். தொட்டுச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும். கூடவே ஒரு நாற்றமும் வரும். பிள்ளைகளுக்கு அந்த நாற்றம்தான் பெரிய வேடிக்கை! கூட்டுப்புழுவாகிப் பத்துப் பன்னிரண்டு நாளில் வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். அதுவரை தினமும் காலையில் தொட்டியடியில் ஓர் ஆள் காவல் இருக்கும். ரசத்துக்குக் கறிவேப்பிலை கிடைக்காது, அவ்வளவுதான்.

கொடிமலை (பினாங்கு ஹில்) ஏறும் ரயில் நல்ல அனுபவம். மேலே குளிர்ச்சி, ஏறும்போது காது அடைக்கும். ஆனால் விடுமுறையில் வரிசை நீளம்; பயணம் சில நிமிடம்தான். வார நாளில், முதல் ரயிலுக்கே போக முடிந்தால் மட்டும் போங்கள்.

என் ஓட்டு தண்ணீர்மலைப் பக்கத்துக்குத்தான். 1884-இல் பழைய கல்லுடைப்புக் குவாரி இருந்த இடத்தில் உருவான தாவரவியல் பூங்கா, இளைஞர் பூங்கா, முருகன் கோயில் மூன்றும் அருகருகே இருக்கின்றன. இரண்டு பூங்காவுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரத்தடிக்குப் போங்கள். பூ கிளையில் பூக்காது, அடிமரத்திலிருந்தே கொத்தாகத் தொங்கும். கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்து, படம் எடுத்த பாம்பைப் போல் வளைந்திருக்கும் பகுதியைத் தூக்கிக் காட்டினால், உள்ளே லிங்கம் மாதிரி இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடும். காய்கள் பீரங்கிக் குண்டு அளவு, கனமும் அதிகம்; காய் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே நிற்க விடாதீர்கள். குரங்குகளுக்கு முன்னால் ரொட்டிப் பையை எடுக்கவும் வேண்டாம். பை நம்முடையதாக இருக்காது.

அப்புறம் இளைஞர் பூங்கா. ஆழமில்லாத குளத்தில் இறக்கிவிட்டால் ஏறவே மாட்டார்கள். மாற்றுத் துணியும் ஒரு டப்பா நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) போதும். கோயிலின் 513 படிகளை ஏற ஆசைப்பட்டால் அதை முதலில் முடித்துவிடுங்கள். குளத்தில் ஆடிய கால் படி ஏறாது. பதினொரு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும், அதற்கு மேல் வெயில் தாங்காது.

மத்தியானத்துக்குப் பல்லாங்குழி. சீன நண்பர் வீட்டிலும் மலாய்க்கார அண்டை வீட்டிலும் சொங்காக் பலகை இருந்தால் அதுவும் சரிதான், ஆட்ட முறை மட்டும் கொஞ்சம் மாறும். சோழி வாங்க அலைய வேண்டாம். சாலையோர சாகா (மஞ்சாடி) மரத்தடியில் சிவப்பு விதைகள் கொட்டிக் கிடக்கும். பொறுக்குவதே தனி விளையாட்டு. முழுச் சிவப்பாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி வேறு செடி, அதன் விதை கொடிய விஷம். வீட்டில் எதையும் வாயில் போடும் வயதில் குழந்தை இருந்தால் சாகா விதையும் வேண்டாம், பெரிய பொத்தான்களும் வேண்டாம். பலகையையே மேலே எடுத்து வைத்துவிட்டு, அது தூங்கும் நேரத்தில் மட்டும் இறக்குங்கள்.