புலமையும் புறக்கணிப்பும்: ஈ. ஆர். டாட்ஸின் தன்வரலாறு

பண்டைக் கிரேக்க இலக்கியப் பேராசிரியர் ஈ. ஆர். டாட்ஸ் 1977இல் வெளியிட்ட 'மிஸ்ஸிங் பெர்சன்ஸ்', கல்வியாளர்களின் தன்வரலாறுகளில் நான் மிகவும் மதிக்கும் நூல்.

அயர்லாந்தில் 1893இல் பிறந்து, தலைமையாசிரியரிடம் துடுக்காக நடந்துகொண்டதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் வெடித்த 1916ஆம் ஆண்டின் ஈஸ்டர் எழுச்சியை ஆதரித்ததால் ஆக்ஸ்ஃபோர்டை விட்டும் வெளியேற நேர்ந்த அவர், மறு ஆண்டே திரும்பி வந்து தேர்வெழுதி முதல் வகுப்பில் தேறினார். ரெடிங்கில் விரிவுரையாளராகவும் பிறகு பர்மிங்காமில் பேராசிரியராகவும் பணியாற்றினார். கவிஞர் லூயி மக்நீஸைத் தம் துறையில் சேர்த்துக்கொண்டதும் பர்மிங்காமில்தான்.

நூலின் கனமான பகுதி 1936ஐப் பற்றியது. அதுவரை அப்பதவியில் இருந்த கில்பர்ட் மரே ஓய்வுபெற்றபோது, பலரும் எதிர்பார்த்த ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் மாரிஸ் பௌராவுக்கோ டெனிஸ்டனுக்கோ கிடைக்காத ஆக்ஸ்ஃபோர்டின் கிரேக்கப் பேராசிரியர் பதவி, மரேயின் பரிந்துரையால் டாட்ஸுக்குக் கிடைத்தது. அதன்பின் சக ஆசிரியர்கள் காட்டிய பாராமுகத்தை அவர் வன்மம் சிறிதுமின்றி எழுதியிருப்பது, அவருடைய புலமையைவிடவும் பெரிதாக எனக்குப் படுகிறது.

பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் 'பாக்கே' நாடகத்துக்கு அவர் எழுதிய உரையையும், பெர்க்லி சொற்பொழிவுகளிலிருந்து உருவாகி 1951இல் வெளிவந்த 'தி கிரீக்ஸ் அண்ட் தி இர்ரேஷனல்' (கிரேக்கர்களும் பகுத்தறிவுக்கு அப்பாற்பட்டதும்) நூலையும் அறிந்தவர்கள், ஆவியுலக ஆராய்ச்சியில் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்த நாட்டத்தைப் பற்றிய பக்கங்களை அவசியம் நிதானமாகப் படிக்க வேண்டும்.