ராமேஸ்வரம் – தனுஷ்கோடி ஆட்டோ சவாரி: போட் மெயில் ரயிலின் தடம் தேடிப் போகிறவர்களுக்கு

"தனுஷ்கோடி" என்று மட்டும் சொல்லி ஆட்டோ பிடித்தால் நேரே ரோடு முடியும் நிலமுனையான அரிச்சல்முனையில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். திரும்பும் வழியில் இடிந்த சர்ச்சில் கொஞ்ச நேரம். அதோடு சவாரி முடிந்தது. ரயில்வே ஸ்டேஷன் இடிபாடும் பார்க்க வேண்டும், பழைய தனுஷ்கோடியில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும் என்று வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள். வெயிட்டிங் சேர்த்துப் பேசாவிட்டால் அங்கே போய்த் தகராறுதான். தனியாகப் போகிறவர்களுக்கு அரசு பஸ்ஸே மேல். பழைய தனுஷ்கோடியில் இறங்கி, பார்த்து முடித்து, அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம்.

வண்டியை ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. ரயில் கடல் தாண்டி இலங்கைக்கே போனது என்று வழியில் சொல்கிற கதையில்தான் பிழை. இலங்கைக்கு ரயில் கடல் தாண்டிப் போனதே இல்லை, இங்கே எடுத்த டிக்கெட்தான் அக்கரையிலும் செல்லுபடியானது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் கிளம்பிய போட் மெயில் தனுஷ்கோடித் துறையோடு நின்றது. பயணிகள் ஸ்டீமர் ஏறி, சுமார் 35 கி.மீ. கடந்து, இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாரில் வேறு ரயில் பிடித்தார்கள். பெட்டிகளைக் கப்பலில் ஏற்றியிருந்தாலும் அங்கே உருண்டிருக்காது: இங்கே ஒரு மீட்டர் அகல மீட்டர் கேஜ், அங்கே ஐந்தரை அடி அகலப் பாதை. சரக்கெல்லாம் இறக்கித்தான் ஏற்ற வேண்டும். கஸ்டம்ஸும் தபால் ஆபீஸுமாக அந்த மணல்திட்டில் ஓர் ஊர் எழும்பியது அதனால்தான்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சரை ஸ்டேஷனை நெருங்குகையில் கடல் கொண்டுபோனது. அதில் வந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் பாதையும் திரும்ப வரவில்லை; 2019இல் அடிக்கல் நாட்டியும் வேலை நடக்கவில்லை. ஸ்டீமர் மட்டும் ராமேஸ்வரத்திலிருந்து 1984 வரை ஓடியது. போரில் சிதைந்த தலைமன்னார்ப் பாதையில் 2015இல் மறுபடி ரயில் விட்டுவிட்டார்கள். நம் பக்கத்தில் பெயர்தான் மிச்சம்: சென்னை–ராமேஸ்வரம் ரயிலை இன்றும் போட் மெயில் என்றே சொல்கிறோம்.

ஸ்டேஷன் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் ரோட்டை ஒட்டிய மணலில் நிற்கின்றன. சர்ச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள், கல்லிலேயே பவளப்பாறையின் வரிகள் தெரியும். உப்புக்காற்றில் உதிர்கிற சுவர்கள். தயவுசெய்து மேலே ஏறிப் படம் எடுக்காதீர்கள்.

காலையிலேயே கிளம்புங்கள். மாலையானால் போலீஸ் உள்ளே விடமாட்டார்கள். நிழல் கிடையாது, குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். அரிச்சல்முனையில் நீரோட்டம் இழுக்கும், கடலில் இறங்க வேண்டாம்.