படத்துல வராத பேச்சு: ஐஸ் ஆன் த ப்ரைஸ் முழு பேட்டிகள்

அமெரிக்க கறுப்பின மக்களோட உரிமைப் போராட்டம் பத்தி ஐஸ் ஆன் த ப்ரைஸ்னு (Eyes on the Prize) ஒரு டாக்குமெண்டரி தொடர் இருக்கு, 1987ல 6 பாகம், 1990ல 8 பாகம். தொடரைப் பத்தி நிறைய பேரு எழுதிட்டாங்க, நான் சொல்ல வந்தது அதுக்காக எடுத்த பேட்டிகள முழுசா போட்டு வெச்சிருக்கிற ஆர்க்கைவ் பத்தி. தொடரை எடுத்த ஹென்றி ஹாம்ப்டன் செயின்ட் லூயிஸ்காரரு, அவரு படிச்ச வாஷிங்டன் யுனிவர்சிட்டி (பேரு தான் அப்படி, இருக்கறது செயின்ட் லூயிஸ்ல) அவரோட கலெக்‌ஷன பத்திரமா வெச்சு பேட்டிகள ஆன்லைன்ல குடுத்திருக்காங்க, காசு எதுவும் கட்ட வேண்டாம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது இது தான். ஒவ்வொரு பேட்டியையும் வார்த்தை விடாம டைப் பண்ணியிருக்காங்க, அதுல தொடர்ல யூஸ் பண்ண வரிய மட்டும் தடிச்ச சாய்வு எழுத்துல காட்டியிருக்காங்க. பக்கம் பக்கமா ஸ்க்ரோல் பண்ணிட்டே போறோம், தடிச்ச எழுத்து அங்கங்க நாலு வரி தான், மீதியெல்லாம் அந்த மனுஷங்க வாய்விட்டுச் சொல்லியும் டிவில யாரும் கேக்காத பேச்சு.

டயான் நாஷ் பேட்டிய (1985ல எடுத்தது) முதல்ல பாருங்க. 1960ல நாஷ்வில்ங்கற தெற்கத்தி ஊர்ல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த சாப்பாட்டு கவுண்டர்ல போய் உக்காந்து போராடின காலேஜ் பசங்களுக்குத் தலைமை தாங்கின பொண்ணு அவங்க. மத்தியானம் போராட்டம்னா காலைல கிளாஸ்ல உக்காந்திருக்கும்போதே உள்ளங்கையெல்லாம் வேர்த்துப் போயிடும், அவ்ளோ பயம்னு சொல்றாங்க. முதல் நாள் இவங்களப் பாத்து பதறிப்போன வெயிட்ரஸ் ஒருத்தங்க கைல எடுத்த தட்டையெல்லாம் வரிசையா கீழ போட்டு உடைச்சிருக்காங்க, இவங்களுக்கு சிரிப்பு வருது ஆனா சிரிச்சா அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்னு அடக்கிட்டு உக்காந்திருக்காங்க, உள்ளுக்குள்ள உசுரு போற பயம் வேற. இத கேட்டப்புறம் தான் தலைவர்ங்கற வார்த்தையே எனக்கு வேற மாதிரி பட்டுச்சு, இருபது இருபத்தோரு வயசுப் பொண்ணுங்க அது.

அடுத்து ஜோ ஆன் ராபின்சன். மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்புன்னா (கறுப்பின மக்கள் ஊர் பஸ்ல ஏற மாட்டோம்னு நடத்தின போராட்டம்) நமக்கு வெள்ளைக்காரருக்கு சீட்ட விட்டுத் தர மாட்டேன்னு சொன்ன ரோசா பார்க்ஸ் பேரு மட்டும் தான் தெரியும், 1955 டிசம்பர் 1 அவங்க அரெஸ்ட் ஆன ராத்திரியே காலேஜ்ல சைக்ளோஸ்டைல் மெஷின்ல ஆயிரக்கணக்குல பிட் நோட்டீஸ் ஓட்டினது இங்கிலீஷ் டீச்சரா இருந்த இந்தம்மா தான். பெண்கள் சங்கத்துல திட்டமெல்லாம் முன்னாடியே போட்டு வெச்சிருந்தாங்க, நாள் குறிக்கறது தான் பாக்கி. திங்கக்கிழமை ஆரம்பிச்ச புறக்கணிப்பு 381 நாள் ஓடுச்சு.

எதிர்த் தரப்பையும் விடல, செல்மாங்கற ஊர்ல ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவங்கள ஆள் வெச்சு அடிச்ச ஷெரிஃப் (உள்ளூர் போலீஸ் தலைவர்) ஜிம் கிளார்க் பேட்டியும் இருக்கு. அத முழுசா பாக்க பொறுமை வேணும், ஆனா பாக்கணும்.

குறைன்னா, இது எடிட் பண்ணாத சரக்கு. ஃபிலிம்ல எடுத்தது, ஒரு ரீல் பத்து பதினோரு நிமிஷம் தான் வரும், உருக்கமா பேசிட்டிருக்கும்போதே ரீல் தீந்து போயிடும், மறுபடி கிளாப் அடிச்சு ஆரம்பிக்கணும். கேள்வி கேக்கறவங்க கேமராவுக்கு வெளிய இருக்காங்க, ஊரு பேரு வருஷம் எதுவும் தெரியாம போனா தலையும் புரியாது வாலும் புரியாது, அதனால தொடரோட முதல் ரெண்டு பாகமாவது பாத்துட்டு வாங்க. மார்ட்டின் லூதர் கிங்க தேடிப் போகாதீங்க, பேட்டிகள் எடுத்தது அவரு 1968ல கொல்லப்பட்டு பத்து வருஷத்துக்கும் மேல ஆனப்புறம், தொடர்ல அவரு வர்றதெல்லாம் பழைய நியூஸ் ஃபுட்டேஜ். அந்த மாதிரி ஃபுட்டேஜோட உரிமம் காலாவதியாகி தொடரையே பல வருஷம் டிவில போட முடியாம இருந்து 2006ல தான் திரும்ப வந்துச்சு.

தெற்கத்தி அமெரிக்க உச்சரிப்பு எனக்கு முதல்ல பாதி புரியல, எழுத்த பக்கத்துல திறந்து வெச்சுட்டு ஹெட்ஃபோன்ல கேட்டேன், ரெண்டாவது பேட்டிக்குள்ள காது பழகிடுச்சு.