ஐந்தாண்டு இணைப் பட்டமா, வேலைக்குப் பிறகு முதுகலையா?

கலைப் படிப்போடு பொதுக் கொள்கையும் வேண்டும் என்பவர்களுக்குச் சிங்கப்பூரில் மூன்று வழிகள் கண்ணில் படும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இளங்கலையையும் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியின் முதுகலையையும் கோத்து ஐந்து ஆண்டில் முடிக்கும் இணைப் பட்டம் ஒன்று. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொதுக் கொள்கையும் உலக விவகாரங்களும் சேர்ந்த நான்காண்டுப் படிப்பு இன்னொன்று. முதலில் கலைப் பட்டம், நடுவில் சில வருடம் வேலை, அப்புறம் முதுகலை என்பது மூன்றாவது. நான் போனது மூன்றாவது வழியில், ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

நன்யாங் படிப்பை நான் படிக்கவில்லை. அங்கே படித்த தோழி சொல்லக் கேட்டதுதான். இந்தத் துறைதான் வேண்டும் என்று பதினெட்டு வயதிலேயே தெளிவாக இருப்பவருக்கு அது நேர்வழி. வரலாறா, சமூகவியலா, பொருளியலா என்று இன்னும் தடவிக்கொண்டிருப்பவர் அவசரப்பட வேண்டாம்.

இணைப் பட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது காலக் கணக்கு. நான்கும் இரண்டும் ஆறு, இங்கே ஐந்து. ஒரு வருடம் மிச்சம். சரிதான். ஆனால் ஆண்பிள்ளைகள் இரண்டு வருடக் கட்டாயத் தேசிய சேவையை முடித்து வருகிறார்கள். இருபத்தொரு வயதில் சேர்ந்தால், முதல் முழுச் சம்பளத்தைப் பார்க்கும்போது இருபத்தாறு. பணத்திலும் ஒரு கணக்கு உண்டு: முதல் பட்டத்துக்கு அப்பா அம்மாவின் மத்திய சேம நிதியிலிருந்து கடன் எடுக்கலாம், முதுகலைக்கு அந்த வசதி கிடையாது.

எனக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். கொள்கை வகுப்பில் உட்காரும்போது கையில் என்ன கொண்டு போகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. லீ குவான் யூ பள்ளி இருக்கும் புக்கிட் தீமா வளாகத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் மணிலாவிலோ ஜகார்த்தாவிலோ டெல்லியிலோ அரசு வேலை பார்த்துவிட்டு வந்தவராக இருப்பார். விவாதத்துக்கு வருவது பாடப்புத்தகத்தில் இருப்பது மட்டுமல்ல. போன வருடம் அவர் மேசைக்கு வந்த கோப்பும் வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி அரசு வீடுகளைக் கட்டும் வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு. சீனர் வரம்பு நிரம்பிவிட்ட புளோக்கில் இந்தியர் ஒருவர் வீட்டை விற்க வந்தால் சீனர் வாங்க முடியாது. வாங்குவோர் வட்டம் சுருங்கும், விலை இறங்கும். இதை வரைபடம் போட்டு யாரும் விளக்கலாம். நான் வகுப்புக்கு வருமுன் குடியிருப்பாளர் குறைகேட்கும் வேலையில் இருந்தேன். ஈசூன் வட்டாரத்துக்காரர் ஒருவர், அப்பா வயது, மூன்றாவது தடவையாக வந்து, “ஏம்மா, வாங்குற ஆளு ரெடி, குடுக்கிற நானும் ரெடி, அப்புறம் என்னம்மா?” என்றார். இனக் குடியிருப்புகள் உருவாகாமல் தடுத்த கொள்கைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி வகுப்பில் வந்தபோது, என்னால் அவரை விட்டுவிட்டுப் பேச முடியவில்லை.

அதே வகுப்பில் இணைப் பட்டக்காரர்களும் இருந்தார்கள். புள்ளியியலில் எங்களைத் தூக்கிச் சாப்பிட்டார்கள். சூத்திரமெல்லாம் நாங்கள் மறந்து வருடக் கணக்காகியிருந்தது. உண்மையான ஓர் அமைப்புக்காகச் செய்யும் இறுதி ஆய்வுத் திட்டத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. அறிக்கை அழகாக வரும். ஆனால் அதிகாரி “யோசிக்கிறோம்” என்றால் ‘முடியாது’ என்று பொருள் என்பதைப் பிடிக்க அவர்களுக்குக் கொஞ்ச நாள் ஆனது. எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தது ஒரு கைப்பிடிப் பேரை.

வேலைக்குப் போனபின் திரும்பிப் படிக்க வருவது லேசில்லை என்பதும் உண்மைதான். பிடிஓ வீட்டுக்கு, அதாவது வீவக முன்பதிவின்பேரில் கட்டித் தரும் புது வீட்டுக்கு, தவணை ஓடத் தொடங்கிவிட்டால் சம்பளத்தை விட மனசு வராது. நான் வந்தது வீடு எடுப்பதற்கு முன்னால். இப்போதே படிக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை என்ற நிலைமை உள்ளவர்கள் இணைப் பட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுப்பவர்கள் விடுமுறைகளில் பயிற்சி வேலைக்குப் போகும்போது, தலைமையகத்தை விட்டு மக்கள் வரிசையில் நிற்கும் முகப்பு ஒன்றாகப் பாருங்கள். என் வழியில் வருபவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே புள்ளியியல் பாடம் ஒன்றை எடுத்துவிடுங்கள், குறிப்பேட்டையும் தூக்கிப் போட வேண்டாம்.