லினக்ஸ் வன்பொருள் கருவியை பிஎஸ்டிக்குக் கொண்டுபோனதில் கற்றது

மதர்போர்டு சென்சார்களையும் வட்டுகளின் நிலையையும் படித்துச் சொல்லும் சிறிய சி நிரல் ஒன்றைச் சில ஆண்டுகளாக லினக்ஸிலும், பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வழி இயங்குதளக் குடும்பத்தின் ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி இரண்டிலும் பராமரித்து வருகிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கம்பைலர் முணுமுணுக்காமல் விட்டதை வைத்து எதையும் நம்பாதீர்கள். கோப்பு, பிராசஸ், சாக்கெட் வரைக்கும் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரநிலை துணைக்கு வரும். சில்லோடு நேரடியாகப் பேசும் இடத்தில் அது வாய் திறப்பதில்லை.

இதற்கு அவுட்பி ஒன்றே போதும். ஐஓ போர்ட்டில், அதாவது சில்லோடு பேசும் எண்ணிட்ட வாசலில், ஒரு பைட் எழுதும் இந்த ஃபங்ஷன் இரண்டு பக்கமும் அதே பெயரில் இருக்கிறது. லினக்ஸில் மதிப்பு முதலில், போர்ட் எண் பிறகு; ஃப்ரீபிஎஸ்டியில் போர்ட் எண் முதலில். இரண்டுமே முழு எண்கள் என்பதால் இடம் மாறினாலும் கம்பைலர் வழக்கமாக எச்சரிக்காது. மதர்போர்டில் சென்சார்களைக் கவனிக்கும் சூப்பர் ஐஓ சில்லின் அடையாள எண்ணைப் படிக்க, பத்தடிமானத்தில் சொன்னால், 46ஆம் போர்ட்டில் 32 என்று எழுத வேண்டும். வரிசை புரண்டால் 32ஆம் போர்ட்டில் 46 போய் விழும். அந்த 32, சாதனங்களின் அழைப்புகளைப் பிராசஸருக்குக் கொண்டுசேர்க்கும் இன்டரப்ட் கன்ட்ரோலருடைய கட்டளைப் போர்ட்! சென்சார் படிக்கப் போன நிரல் இயந்திரத்தையே உறைய வைக்கக்கூடிய இடம் அது. அதனால் அவுட்பியை நேரடியாக அழைப்பதை அடியோடு விட்டுவிட்டேன். எனக்கென்று ஒரு பெயரில் உறை ஃபங்ஷன் எழுதி, வரிசையை அதற்குள் மட்டும் கவனித்துக்கொள்கிறேன்.

போர்ட்டைத் தொட அனுமதி வாங்கும் முறையும் ஒவ்வொன்றிலும் வேறு. லினக்ஸில் ஐஓபிஎல் என்ற சிஸ்டம் கால். ஃப்ரீபிஎஸ்டியில் டெவ் அடைவிலுள்ள ஐஓ என்ற சாதனக் கோப்பைத் திறக்க வேண்டும். மூடினால் அனுமதியும் போய்விடும் என்பதால் வேலை முடியும்வரை திறந்தே வைத்திருக்க வேண்டும். ஓபன்பிஎஸ்டி இயல்பாகவே மறுத்துவிடும். அலவ்அபெர்ச்சர் என்ற அமைப்பை மாற்றி மறுதொடக்கம் செய்தால்தான் வழி. எனக்கு இதில் குறை இல்லை, பாதுகாப்பை அவர்கள் எடைபோடும் விதம் அது. உங்கள் கருவி அந்த மறுப்பைப் பயனருக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

வட்டு விஷயத்தில் சிக்கல் அதிகம், ஆபத்து குறைவு. வட்டின் அளவைக் கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப்பகுதி) கேட்கும் ஐஓசிடிஎல் அழைப்பு ஒவ்வொன்றிலும் வேறு. லினக்ஸில் வட்டிலிருந்து 100 பைட் கேட்டாலும் கிடைக்கும், நடுவில் கேஷ் என்ற தற்காலிக நினைவகம் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் செக்டார் (வட்டு ஒரே தடவையில் படிக்கும் மிகச்சிறிய துண்டு) அளவின் மடங்காகக் கேட்காவிட்டால் பிழைதான் வரும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும், தவறு அங்கேயே தெரிந்துவிடுகிறது. சீரியல் போர்ட்டில் கவனிக்க ஒன்றுதான்: ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓபன்பிஎஸ்டியிலும் டிடிஒய் என்று தொடங்கும் சாதனத்தைத் திறந்தால் எதிர்முனை இணைந்ததைச் சொல்லும் கேரியர் சிக்னலுக்காகக் காத்து நின்றுவிடலாம், சியுஏ என்று தொடங்குவதைத் திறங்கள்.

நிரலை எப்படிப் பிரிப்பது என்பதற்கு வட்டுகளின் நிலையைப் படிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் கருவியின் மூலநிரலைப் படித்துப் பாருங்கள். லினக்ஸுக்கு ஒரு கோப்பு, ஃப்ரீபிஎஸ்டிக்கு ஒன்று, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, சோலாரிஸ், டார்வின் என்று தனித்தனியே இருக்கும். மேலே உள்ள பொதுப்பகுதிக்கு எந்த கர்னல் என்ற கவலை இல்லை. இயங்குதளத்துக்கு ஏற்ப வரிகளைச் சேர்க்கவோ விலக்கவோ செய்யும் இஃப்டெஃப் கட்டளையை வரிக்கு வரி போட்டு ஒரே கோப்பில் எல்லாவற்றையும் அடைக்கும் வழி முதல் வாரத்தில் வேகமாகத் தெரியும். மூன்றாவது இயங்குதளம் வந்ததும் எந்த வரி எங்கே ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

சோதனைக்கு மெய்நிகர் இயந்திரம் கம்பைல் பார்க்கவும், அனுமதி மறுப்புச் செய்திகளைச் சரிபார்க்கவும் உதவும். சூப்பர் ஐஓ சில்லு அதற்குள் பெரும்பாலும் இருக்காது. பழைய மதர்போர்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, மூன்று இயங்குதளங்களையும் தனித்தனி வட்டில் நிறுவிக்கொள்ளுங்கள். முதலில் படிக்கும் செயல்களை மட்டும் ஓட்டி, மூன்றிலும் அதே அடையாள எண் வருகிறதா என்று பார்த்த பிறகே எழுதும் செயல்களைத் திறந்துவிடுங்கள்.